சின்ன ஆக்சிடென்ட்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஏன் என்று அங்கே வரும்போது உனக்கே தெரியும். துபாயில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். இதைப் படித்து முடிக்க ஒரு முழு மாலைப்பொழுது ஆகும். ஆகட்டும். நீ மெதுவாகச் செய்கிற காரியம் ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான் போனில் பேசாமல் எழுதுகிறேன். சுதனிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. உன் சிநேகிதன் நல்ல பையன்தான், ஆனால் இதில் அவனைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

ஊருக்கு வந்து பெட்டிகளைப் பிரித்தாகிவிட்டது. கம்பெனி தன் தொழிலாளர் கேம்ப்பை மூடுகிறேன் என்று சொல்லி என் விசாவை கேன்சல் செய்தபோது நான் பெரிதாக ஒன்றும் கலங்கவில்லை. வயதாகிவிட்டது, எப்படியும் கிளம்ப வேண்டியவன்தான். இந்த வருஷம் யார்தான் கிளம்பவில்லை? உன் அம்மாவுக்கும் எனக்கும் இருக்கிற கவலையெல்லாம், உன்னை அல் குசைஸ் வீட்டில் அந்தக் காரோடு தனியாக விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்பதுதான். உன் அம்மா அதைத் தினமும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் நெஞ்சிலேயே கிடந்து உறுத்துகிறது.

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துகொண்டு நீ ஒரு கேள்வி கேட்டாய். "வீட்லேருந்து இங்க வர இவ்ளோ நேரமாப்பா?" டிராஃபிக் என்றேன். "ஃப்ரைடே மத்தியானம் டிராஃபிக்கா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதன்பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் மனசில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மகன் அடிபட்டுக் கிடக்கிறான், அப்பா ஆடி அசைந்து வந்தார், வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டக்கூட இல்லை. அப்படித்தானே நினைத்தாய்? உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அல் கூஸில் நான் கேம்ப் பாஸ், அந்தத் தொழிலாளர் விடுதிக்கே பொறுப்பாளர் என்பது உனக்குத் தெரியும். ரூம் ஒதுக்குவது, தண்ணீர் வரவில்லை என்றால் டேங்கரை வரவழைப்பது, யாருடைய கட்டிலை யார் எடுத்துக்கொண்டான் என்று பஞ்சாயத்து பேசுவது, காலையில் டியூட்டி பஸ் கிளம்பும்போது யல்லா யல்லா என்று கத்துவது, எல்லாம் நீ பார்த்ததுதான். சைட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் அவன் வீட்டுக்குப் போன் செய்வதும் என் வேலையாகத்தான் இருந்தது. அது நீ பார்க்காதது. தமிழ்ப் பையன் என்றால் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அது என் தலையில் விழுந்தது.

அந்தப் போனுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. ஆள் போய்விட்டான் என்று எடுத்த எடுப்பில் யாரும் சொல்வதில்லை. முதல் போனில், "ஒண்ணும் பயப்படாதீங்க, சைட்ல சின்ன ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம்" என்போம். கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது போன். "கொஞ்சம் சீரியஸாத்தான் இருக்கு, டாக்டர் பார்த்துக்கிட்டிருக்காங்க." அதற்குள் அந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் வந்து கூடியிருப்பார்கள். மூன்றாவது போன் அந்த வீட்டு ஆம்பிளை யாருக்காவது, மாமனுக்கோ சித்தப்பனுக்கோ போகும். உண்மையை அவரிடம்தான் சொல்வது. ஜெபல் அலியிலிருந்து சார்ஜா வரைக்கும் எந்தக் கேம்ப்பிலும் இதுதான் வழக்கம். தனியாக நிற்கிற பெண்ணின் தலையில் இடியை இறக்கக் கூடாது, ஆள் துணை இருக்கும்போது தெரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நானும் அதை இரக்கம் என்றே நினைத்துச் செய்தேன். ஒரு முறை ஒரு பெண், "அண்ணே, அவரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க" என்றாள். மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "கண்ணு முழிச்சதும் நான் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். சரிம்மா என்றேன். அவள் புருஷனை மார்ச்சுவரியில் வைத்துவிட்டு, அந்த வாசலில் நின்றுகொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். நீ அந்த வெள்ளி நிற ஜப்பான் காரை வாங்கி வந்த அன்று உன் அம்மா பின் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறி உட்காரணும்னா மனுஷன் பாம்பாத்தான் பொறக்கணும்" என்றாள். இரண்டு கதவு, தரையோடு தரையாக உடம்பு, உறுமுகிற சத்தம். வயசுப் பிள்ளை ஆசைப்பட்டுவிட்டான் என்று விட்டுவிட்டேன். கேம்ப் பஸ்களோடு காலம் தள்ளியவன் நான், எந்த வண்டியைப் பார்த்தாலும் கண் முதலில் டயருக்குத்தான் போகும். உன் வண்டியில் முன் டயர் இரண்டும் புதுசு போல இருந்தன, பின் டயர் இரண்டும் வழுக்கை. "என்னடா இது, வண்டியோட பாதியை மட்டும் ஓட்டுறியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "டிரிஃப்ட், அப்பா" என்றாய்.

சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலைச் சறுக்கவிட்டு எனக்கு விளக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? வளைவில் வேண்டுமென்றே பின்சக்கரத்தின் பிடியை விடவைக்க வேண்டும். வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்சிலேட்டரை அளந்து அளந்து மிதித்து, சுற்றிவிடாமல் கொண்டுபோக வேண்டும். "எல்லாரும் சறுக்காம ஓட்டத்தானடா கத்துக்குவாங்க" என்றேன். "சறுக்கினா என்ன பண்றதுன்னு நான் கத்துக்கறேன். இட்ஸ் கன்ட்ரோல், அப்பா" என்றாய். உன் அம்மா வந்து ஊறுகாய் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அதுவரைகூட எனக்குப் பயம்தான், கோபம் இல்லை. இதை நீ எங்கே கற்றுக்கொள்கிறாய் என்று தெரிந்தபோதுதான் கோபம் வந்தது. அல் கூஸ் கிடங்குகளுக்குப் பின்னால், வெள்ளிக்கிழமைகளில் லாரிகள் நிற்காத அந்தத் திடலில். என் கேம்ப் பையன்கள் வாரத்தில் ஒரு நாள் கிரிக்கெட் ஆடுகிற இடம் அது. லுங்கியோடு, ஒரு கையில் பல் குச்சியோடு, சாலையைப் பார்க்காமல் நடந்து வருவார்கள். அன்று உன்னை நான் திட்டிய திட்டு இந்த ஜென்மத்துக்கு மறக்காது என்று நினைக்கிறேன். போலீஸ் பிடித்தால் வண்டி போகும், விசா போகும், அதெல்லாம் போகட்டும். நீ அடித்துப் போட்ட ஒருத்தனின் வீட்டுக்கு நான் போன் செய்ய வேண்டியிருந்திருக்கும், தம்பி. அதை அன்று உன்னிடம் சொல்லவில்லை. வேறு எதை எதையோ சொல்லிக் கத்தினேன்.

நீ கேட்டுக்கொண்டாய். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரமே நீயும் சுதனும் ஊருக்கு வெளியே, வேலி போட்ட பயிற்சித் திடலில் சேர்ந்தீர்கள். தரையில் தண்ணீர் அடித்து வழுக்க வைப்பார்கள், கூம்பு வைத்திருப்பார்கள், ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், ஒரு லெபனான்காரர் சொல்லிக்கொடுக்கிறார் என்றாய். எனக்கு நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ திரும்பி வந்து லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம் கேட்கும் வரை நான் டிவியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். என்ன ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை உன் அம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவிவிட்டு உட்காரப் போனபோது போன் அடித்தது. "அங்கிள், நான் சுதன் கதைக்கிறன். பயப்பிடாதேங்கோ. சின்ன ஆக்சிடென்ட்தான். ஆளைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறம், நீங்கள் வாங்கோ." யாழ்ப்பாணத்துப் பையன், என்ன பதற்றத்திலும் மரியாதை குறையாமல்தான் பேசுவான். அவன் ஒரு வார்த்தை கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். ஆனால் எனக்குக் கேட்டது என் குரல். இத்தனை வருஷமாக நான் ஊருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்த்த அதே வார்த்தைகள், அதே வரிசையில். பயப்படாதீங்க, சின்ன ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரி. அவனிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முதல் போனில் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா?

என் கால் நேராக பீரோவுக்குப் போனது. உன் பாஸ்போர்ட் காப்பி, விசா பக்கம், லேபர் கார்டு காப்பி, மூன்றையும் எடுத்து ஒரு கவரில் போட்டேன். எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்காது. உடம்பை ஊருக்கு அனுப்ப முதலில் கேட்பது அவைதான். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "சாப்பிடாம எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். கேம்ப்பில் சின்ன வேலை, வந்துவிடுகிறேன் என்றேன். அவளுக்கும் முதல் போனைப் போட்டுவிட்டுத்தான் படியிறங்கினேன்.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று ஞாபகம் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் முன்வாசல் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. பின்பக்கத்து கேட்தான் பழக்கம். காவலாளி என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி உள்ளே விட்டான். எமர்ஜென்சிக்குப் போகவில்லை தம்பி. நான் நேராக மார்ச்சுவரிக்குப் போனேன்.

அங்கே வேலை பார்க்கிற பாகிஸ்தான்காரப் பட்டான் ஒருவர், தாடிக்கு மருதாணி போட்டிருப்பார். பல வருஷப் பழக்கம். "ஆஜ் கௌன் ஹை, பாய்?" என்றார். இன்றைக்கு யாரு என்று கேட்கிறார், தினம் பால் ஊற்ற வருகிறவரிடம் கேட்பதுபோல. மேரா பேட்டா, என் மகன் என்றேன். அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பெயர் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மாஃபி, பாய். கோயி நஹி ஆயா" என்றார். அப்படி யாரும் வரவில்லை என்கிறார். எனக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. மேலே இருந்து இன்னும் இறக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கவரை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ அந்த நேரத்தில் இரண்டு கட்டடம் தள்ளி, எலும்பு டாக்டரிடம் கையை நீட்டிக்கொண்டு, அப்பா எங்கே என்று சுதனைப் படுத்திக்கொண்டிருந்தாய்.

போன் அடித்தது. சுதன் பெயர். நான் எடுக்கவில்லை. அது இரண்டாவது போன். கொஞ்சம் சீரியஸ் என்பான். எடுக்காத வரைக்கும் அந்த வார்த்தை வராது அல்லவா? நின்று நின்று அடித்தது. அடிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் என் பிள்ளை சின்ன ஆக்சிடென்ட்டிலேயே இருக்கட்டும் என்று போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார். ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு அதை என் காதில் கொண்டுவந்து வைத்தார். "எங்கப்பா இருக்கீங்க? எவ்ளோ நேரமா கூப்பிடறது? போன எடுக்கவே மாட்டீங்களா?" நீ. நீயேதான். எரிந்து விழுந்தாய். பின்னால் சுதன், "சத்தம் போடாதையடா" என்பது கேட்டது.

அந்தப் பட்டான் என் முதுகில் கை வைத்துக் கதவு வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டார். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டுத்தான் உன் வார்டுக்கு வந்தேன். கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அதனால்தான் நேரமானது. ஸ்டீயரிங் திருப்பி அடித்ததில் மணிக்கட்டு போய்விட்டது, வண்டி பழைய டயர் அடுக்கிய சுவரில் போய் முட்டியது என்று நீ சொன்னதெல்லாம் என் காதில் சரியாக விழக்கூட இல்லை. உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லையே என்று நினைத்தாயே, திட்டுவதற்கு எனக்குக் குரல் இருந்தால்தானே? நான் மார்ச்சுவரியில் போய் உட்கார்ந்தது உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் சொல்லாதே.

கை சரியானதும் மறுபடியும் கிளம்பினாய். தடுத்தால் நின்றிருப்பாயோ என்னவோ. ஆனால் எனக்குத் தெரியாமல் அல் கூஸுக்குப் போய்விடுவாய் என்ற பயம் எனக்கு. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன் என்றேன். அந்த லெபனான்காரர் எனக்கு ஹெல்மெட் மாட்டிவிட்டு, உன் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டையைப் பூட்டினார். ஈரத்தரையில் நீ ஹேண்ட்பிரேக்கை இழுத்ததும் என் குடல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்ணாடிக்கு முன்னால் போக வேண்டிய பாதை கதவுப்பக்கத்தில் ஓடியது. முருகா முருகா என்று கத்தினேன் என்று நீ எல்லோரிடமும் சொன்னாய். இரண்டாவது சுற்றில் கத்துவதை நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன், அதை நீ பார்க்கவில்லை. அப்படி ஒரு அமைதியான முகத்தை நான் உன்னிடம் பார்த்ததே இல்லை. எதற்கெடுத்தாலும் போனை நோண்டிக்கொண்டு அவசரப்படுகிற பிள்ளை, அங்கே மட்டும் நிதானமாக இருந்தான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த ஆசிரியர் சொன்னதாக நீ ஒன்று சொன்னாய். சறுக்கும்போது கண் சுவரைப் பார்த்தால் வண்டி சுவருக்குத்தான் போகும், போக வேண்டிய இடத்தையே பார்க்க வேண்டும் என்று. நல்ல பாடம்தான். ஆனால் தம்பி, சுவரைப் பார்க்காமல் இருக்க உன்னால் முடியும், என்னால் முடியாது. பெற்றவனின் கண் அங்கேதான் போகும். அதனால் நான் கேட்பதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள். ரோட்டில் ஒருநாளும் இதைச் செய்யாதே, சாலை எவ்வளவு காலியாக இருந்தாலும், எவன் பக்கத்தில் நிறுத்தி உறுமிக் காட்டினாலும். கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் விடாதே என்று அவர் சொன்னதை ஒருமுறை மறந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய், இனி மறக்காதே. கோபமாகவோ தூக்கமில்லாமலோ இருந்தால் அன்று திடலுக்குப் போகாதே. ஹெல்மெட்டில் ஒரு அடி பட்டிருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள், அவளை முதலில் ஒருமுறை பக்கத்தில் உட்கார வைத்து அழைத்துப்போ. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று அவளுக்காவது தெரிந்திருக்கட்டும்.

நாங்கள் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் நீ பெட்டிகளை எடை போட வரிசையில் நின்றாயே, அப்போது சுதனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் என்ன பேசினோம் என்று நீ பிறகு கேட்டாய், அவனும் சொல்லவில்லை. "இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு நீதாம்பா போன் பண்ணுவ. சின்னது பெரிசுன்னு சுத்தி வளைக்காத. உள்ளதைச் சொல்லு" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் அங்கிள் இப்பிடிக் கதைக்கிறியள்? அப்பிடி ஒண்டும் நடக்காது" என்றான். சொல்லுவியா மாட்டியா என்று விடாமல் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அங்கிள், உள்ளதை உள்ளபடியே சொல்லுறன்" என்று கையில் அடித்துக் கொடுத்தான். பாவம், அவனுக்கு அது பெரிய சுமை. ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவன் வாக்குத் தவறமாட்டான், அது எனக்குத் தெரியும். சின்ன ஆக்சிடென்ட் என்று அவன் சொன்னால் அது சின்ன ஆக்சிடென்ட்தான். ஆனால் அதைக் கேட்டு நான் நம்புவேனா? ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். அந்தப் பெண்கள் அதை நம்பினார்கள். என்னால் அது ஒன்று மட்டும் முடியாது. சுதன் இல்லை, ஆஸ்பத்திரி டாக்டரே கூப்பிட்டு உங்கள் மகன் நன்றாக இருக்கிறான் என்று சொன்னாலும் என் கை பீரோவைத்தான் தேடும். உன் பாஸ்போர்ட் காப்பி இருந்த அந்தக் கவர் இங்கேயும் என்னோடு வந்துவிட்டது. தூக்கிப்போட மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது.

அதனால் இது ஒன்றைச் செய். வெள்ளிக்கிழமை திடலை விட்டு இறங்கியதும், ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு நீயே கூப்பிடு. நலமா என்ற கேள்வியை இங்கேதான் கேட்கிறேன், பதிலை எழுதி அனுப்பாதே, வாயால் சொல். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். ஏன்பா போனை எடுக்க இவ்வளவு நேரம் என்று அன்றைக்கு எரிந்து விழுந்தாயே, அப்படியே விழு. நான் வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா